தொலைநோக்கிக்கு எந்தக் கறுப்பு?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதைக் கேட்டுச் சந்தோஷம். இங்கே பெரம்பூரில் மெட்ரோ வேலை இன்னும் முடிந்தபாடில்லை, எங்கும் தூசி.

தொலைநோக்கிக் குழாய்க்குள் வேண்டாத ஒளி சிதறாமலிருக்க, உட்புறம் பூச அந்த ‘உலகிலேயே கறுப்பான பெயின்ட்’ கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். 2014இல் இங்கிலாந்தின் சர்ரே நானோசிஸ்டம்ஸ் நிறுவனம் அறிவித்த வான்டாபிளாக்கைத்தான் சொல்கிறாய். அது பெயின்டே இல்லையடா! தெளிக்கிற வகை பிறகுதான் வந்தது. பொருள் வெறும் கார்பன், கண்மையில் இருக்கும் அதே கரி. வித்தையெல்லாம் அதை நிறுத்தியிருக்கும் விதத்தில்தான். தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய கார்பன் குழாய்களைச் சூடான கலனுக்குள் உலோகத்தின்மேல் செங்குத்தாக வளர்க்கிறார்கள். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் நூறு கோடி! கரும்புக்காட்டுக்குள் வழிதவறியவன் மாதிரி, உள்ளே புகுந்த ஒளி முட்டி மோதி, கடைசியில் வெப்பமாகிவிடும். 99.965 சதவீதம் திரும்பி வராது. கசங்கிய அலுமினியத் தாளில் வளர்த்தால் சுருக்கமே கண்ணுக்குத் தெரியாது. 2019இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 99.995 வரை போய்விட்டார்கள்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர், கலைப் படைப்புகளில் வான்டாபிளாக்கைத் தான் மட்டுமே பயன்படுத்த உரிமை வாங்கிக்கொண்டார். கடுப்பான ஸ்டூவர்ட் செம்பிள் என்ற ஓவியர் ஒரு பிங்க் நிறத்தை உருவாக்கி, கபூரைத் தவிர யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார். சின்னப்பிள்ளைச் சண்டைதான், ஆனாலும் நான் செம்பிள் கட்சி.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். அந்தக் குழாய்க்காட்டை விரலால் தொட்டாலே நசுங்கிவிடும். யார் கையும் படாத விண்வெளிக் கருவிக்குள் சரி, மொட்டை மாடிக்கு ஆகாது. மேட் பிளாக் பெயின்டோ, தெருவிளக்கு சாய்வாக விழுந்தால் பளபளக்கும். நமக்கு வெல்வெட் போதும். அதிலும் இழைகள் நட்டுக்குத்தாகத்தான் நிற்கின்றன, ஒளி அவற்றுக்கிடையே சிக்கிக்கொள்கிறது. கோடவுன் தெருவில் கறுப்பு வெல்வெட் வாங்கி, கண்வில்லைக்கு நேர் எதிர்ச்சுவரில் மட்டும் ஒட்டினேன். நிலாவைச் சுற்றி வெளிறிக் கிடந்த வானம் நன்றாகவே கறுத்துவிட்டது. ஒட்டுமுன் செல்லோடேப்பால் ஒற்றி, உதிரும் இழையை எடுத்துவிடு; இல்லாவிட்டால் தொலைநோக்கியின் கண்ணாடியில் போய் விழும்.

உனக்கும் சேர்த்தே துணி வாங்கியிருக்கிறேன். குழாயின் உள்விட்டத்தை அளந்து எழுது, வெட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
குமரேசன்