வெளியில் சாப்பிடுகிற பிள்ளைக்கு

அன்புள்ள செழியனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாடி ஒழுகுவதும் மாமாவின் வழக்கும் இருந்தபடியே இருக்கின்றன. அவற்றைப் பிறகு எழுதுகிறேன். இன்று சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பொங்கல் வரைக்கும் சைகோனிலிருந்து ஞாயிறுதோறும் நீ எங்கே சாப்பிட்டாய் என்று ஒரு படம் வந்துவிடும். மேலே சிவப்பாக எண்ணெய் மிதந்தால் அது எலுமிச்சைப்புல்லும் இறால் விழுதும் போட்ட புன் போ ஹுவே நூடுல்ஸ், தெளிந்த சாறாக இருந்தால் ஃபோ நூடுல்ஸ் என்று நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். பொங்கலுக்குப் பிறகு படம் வருவதில்லை. "வெளியில் சாப்பிட்டுவிட்டேன் அம்மா" என்ற ஒரு வரி மட்டும் வருகிறது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை இங்கே ஒன்பது மணி, உனக்குப் பத்தரை இருக்கும், நீ பேசிக்கொண்டிருந்தபோது பான் மீ ரொட்டி விற்கிற வண்டியின் ஒலிபெருக்கி சந்துக்குள் வந்து, சற்று நின்று, போனது எனக்குக் கேட்டது. உன் அலுவலகம் பதினெட்டாம் மாடியில் என்று நீ காட்டியிருக்கிறாய். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த ரொட்டியைச் சூடாக இருக்கும்போதே வாங்கிச் சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் மேல்பக்கம் தோல்போல் இழுபடும் என்றுதான் சொல்ல வந்தேன். அதற்குள் நீ வைத்துவிட்டாய்.

2023 மார்கழியில் நாங்கள் வந்திருந்தபோது பாஸ்டர் தெருவில் ஃபோ ஹோவா கடைக்கு அழைத்துப் போனாயே, அதை அப்பா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, சுட்ட இஞ்சியும் சுட்ட வெங்காயமும் அன்னாசிப்பூவும் பட்டையும் போட்டு இறக்கிய அந்தச் சாறு, நாம் பிரியாணிக்கு எடுத்துவைக்கிற சாமான்களிலேயே இன்னொரு ஊரின் மணத்தைக் கொண்டுவந்துவிட்டது. வடக்கே ஹனோயில் இந்தக் கீரைத் தட்டு வைக்கமாட்டார்கள், முளைகட்டிய பயறும் திருநீற்றுப்பச்சையும் தெற்கத்தியார் வழக்கம் என்று நீ விளக்கியபோது, அந்த ஊர்ச் சமையல் தெரிந்த நம் வீட்டுப் பாட்டி, ஆயா, சொல்வதைப் போலவே இருந்தது. மறுநாள் தின் கொங் ட்ராங் தெருவில் பான் செயோ தின்றோம். அரிசிமாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து ஊற்றும்போது எழுகிற 'செயோ' என்ற ஓசையே அதற்குப் பெயர் என்று ஆயா சொன்னதை நான் கதை என்றே நினைத்திருந்தேன்; கல்லருகே நின்று என் காதால் கேட்டேன். நீ அவர்கள் மொழியில் இன்னும் ஒரு தட்டுக் கீரை கேட்டதற்கு அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இரண்டு தட்டுகள் கொண்டுவந்து வைத்தார். என் பிள்ளை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி நாக்குத் தெரிந்த பிள்ளை இப்போது என்ன தின்றோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பெயர் பெற்ற கடைகளுக்கு எல்லா நாளும் போக வேண்டும் என்பதில்லை. அந்த ஊரில் நல்ல சாப்பாடு மலிவான இடத்திலும் கிடைக்கும். காலையில் நொய்ச்சோறான கொம் தம் சாப்பிடு. நம் ஊரில் நொய் என்றால் கஞ்சிக்கும் கோழிக்கும் என்று ஒதுக்கிவிடுவோம். அங்கேயும் அது ஏழை எளியவர்கள் தின்ற உடைந்த அரிசிதான், ஆனால் சுட்ட பன்றி விலாவும் வெங்காயத்தாள் எண்ணெயும் இனிப்பு சேர்த்த நூக் மாம் என்ற மீன்சாறும் சேர்ந்து அதை அந்த நகரத்தின் சாப்பாடாகவே ஆக்கிவிட்டன. ஃபு நுவான் பக்கம் பா கியென் கடையில் ஒரு விலாத்துண்டு தட்டையே மூடிவிடும். உன் சந்து முனைக் கடையிலோ நாம் 40,000 டொங்கில் வயிறு நிறையச் சாப்பிட்டோம். எனக்கு அதுவே மேலாக இருந்தது. கறி வேண்டாம் என்றால் முட்டையோடு கேள், இன்னும் குறையும். பகலில் கொம் பின் யான் என்று எழுதியிருக்கிற கடைகளில், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கைகாட்டினால் சோற்றின்மேல் வைத்துக் கொடுத்துவிடுவார்கள், ஒரு கிண்ணம் சாறும் கூடவே வரும். இரவில் ஹூ தியூ கோ நூடுல்ஸ் வண்டி இருக்கிறது. கட்டையைத் தட்டிக்கொண்டு பையன்கள் சந்துசந்தாக வருவார்கள் என்று ஆயா சொல்லும், அந்தத் தட்டலுக்குத்தான் 'கோ' என்று பெயர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அவர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம் சாப்பிடுகிற நாள். அப்போது சைவக் கடைகளுக்குப் போ. ட்ருவோங் தின் தெருவில் நம் மாரியம்மனைப் பார்த்துவிட்டும் போகலாம், வியட்நாமியர் எத்தனை பேர் அவளிடம் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்தோமே. எப்படியானாலும் காலையில் சாப்பிடாமல் இருக்காதே. கொம் தம் சாப்பிடு.

'வெளியில் சாப்பிட்டுவிட்டேன்' என்ற வார்த்தை எனக்குப் புதிதில்லை. 1996-இல் அப்பாவின் ஆலையை மூடியபோது உனக்கு நான்கு வயது. நான்கு மாதம் அவர் வழக்கமான நேரத்துக்குப் புறப்பட்டுப் போய், விளக்கு வைத்தபின் வந்து, வெளியில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிப் படுத்துக்கொள்வார். அடுக்கு எடுத்துப் போவதையும் நிறுத்திவிட்டார். ஆலை மூடியது எனக்கு இரண்டாம் வாரத்திலேயே அடுத்த தெருப் பெண் ஒருத்தி மூலம் தெரிந்துவிட்டது. அவராகச் சொல்லட்டும், அதுதான் மரியாதை என்று இருந்தேன். அது மரியாதைதானா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டால் பிறகு என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. ஒரு நாள் அரிசிக்காரர் கடன் கேட்டு வாசலில் நின்றுவிட்டுப் போன ஆத்திரத்தில், எல்லாம் தெரிந்திருந்தும், "தினமும் வெளியில் தின்று காசை அழித்தால் வீடு எப்படி நடக்கும்?" என்று ஆயாவின் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் தலை நிமிரவில்லை. ஆயா எழுந்து போய், திருநாளுக்கென்று வைத்திருந்த அரிசித்தாளை நனைத்து, அந்த நேரத்தில் சாயோ சுருட்டிப் பொரித்து, அவர் முன்னால் வைத்தது. பத்துக்கு மேல் தின்றார். அன்று முழுவதும் அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அவர் தின்ற வேகத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு நான் இதுவரை அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்ததில்லை. பாஸ்டர் தெருவில் அவர் இரண்டாம் கிண்ணம் கேட்டபோது, நீங்கள் இருவரும் சிரித்தீர்கள், நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. நீயும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

ஒரு காரியம் செய். எனக்கு ஃபு குவோக் தீவின் நூக் மாம் ஒரு புட்டி வேண்டும். நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டியில் ஓராண்டு ஊறவைத்து இறக்குவதாக இருக்க வேண்டும். புட்டியில் தரத்தைக் காட்டும் எண் 40 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அவசரமில்லை, நீ வரும்போது கொண்டுவந்தால் போதும். அதற்காக, தை முதல் நீ அனுப்பிய மூன்று மாதப் பணத்தையும் உன் இந்தியன் வங்கிக் கணக்கிலேயே திரும்பப் போட்டிருக்கிறேன். புட்டி போக மீதியை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா