விலங்கியல் ஆய்வகத்திற்கு மைக்ரோடோம்: முன்னாள் மாணவர் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் கல்லூரி விலங்கியல் துறையின் திசுவியல் ஆய்வகத்திற்கு, திசுவை மிக மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவியான சுழல் மைக்ரோடோம் ஒன்றும், அதற்குத் துணையான மெழுகு அடுப்பும் வெந்நீர்த் தொட்டியும் வாங்கித் தருவதென எங்கள் குழு முடிவு செய்துள்ளது. இப்பணிக்குத் தங்கள் பொருளுதவியை வேண்டுகிறோம்.

துறையில் நல்ல நுண்ணோக்கிகள் இருக்கின்றன. அவற்றின் கீழ் வைக்கத் தக்க திசுச் சீவல்கள்தாம் இல்லை. ஆட்டீரலின் உயிரணுக்களைக் காண வேண்டுமானால், ஈரல் துண்டைப் பார்மலினில் பதப்படுத்தி, படிப்படியாகச் செறிவு கூட்டிய ஆல்கஹாலில் நீரகற்றி, சைலீனில் தெளிவாக்கி, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் உருகிய பாரபின் மெழுகில் ஊறவைத்து, இறுகிய கட்டியை 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவ வேண்டும். கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டியை அதே அளவு முன்னே நகர்த்தித் தருவதுதான் மைக்ரோடோமின் வேலை. இப்போதுள்ள கருவியில் அந்த நகர்த்தும் திருகு தேய்ந்துவிட்டதால், ஒரு சீவல் தடித்தும் அடுத்தது கிழிந்தும் வருகிறது. தடித்த சீவலில் உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதால், ஹீமாடாக்சிலின் என்னும் சாயம் நீலமாக்கும் உட்கருவையும், ஈயோசின் என்னும் சாயம் இளஞ்சிவப்பாக்கும், உட்கருவைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்தையும் மாணவர்களால் பிரித்தறிய முடிவதில்லை.

விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுத்துப் பார்க்கும் பயிற்சியைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் அறிவித்த பிறகு, திசுச் சீவல்களின் தேவை கூடியிருக்கிறது. இறைச்சிக் கடையில் வாங்கும் ஒரு விரற்கடை ஈரல் ஒரு வகுப்பு முழுமைக்கும் போதும். பாடத்திற்கென எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை.

ஒளிர்வு நுண்ணோக்கி வாங்கலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். எங்களுக்கும் ஆசைதான். ஆயினும் அதன் கீழும் மெல்லிய, சீரான சீவலைத்தான் வைத்தாக வேண்டும் என்பதால், மைக்ரோடோமையே முதலில் வாங்குவது முறையெனக் கருதுகிறோம். கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு, கத்தி அலகுக்கும் சைலீனுக்கும் பழுதுபார்ப்புக்கும் துறையை அலையவிடுவது பல கல்லூரிகளில் காணும் வழக்கம். அவ்வாறு நேராதபடி, திரளும் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென வங்கியில் வைப்பாக இடுவோம். கருவியில் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கும் எண்ணம் இல்லை, பொறுத்தருள்க.

நிறுவனங்கள் அளித்த விலைப்புள்ளிகளைத் துறை அலுவலகத்தில் பார்வையிடலாம். நன்கொடையைக் காசோலையாகவோ வரைவோலையாகவோ கல்லூரி முதல்வர் பெயருக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள். மருத்துவமனை நோய்க்குறியியல் ஆய்வகங்களில் பணியாற்றும் நம் முன்னாள் மாணவர்கள், சீவல் எடுக்கவும் சாயமேற்றவும் மாணவர்களைப் பழக்க ஓரிரு நாள் வர இயலுமானால், அதையும் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
ஆய்வகச் சீரமைப்புக் குழுவினர்