ஆர்தர், தம்பியை ஏன் ஒளித்து வைத்தீர்கள்?

கடலடி ராஜ்யமான அட்லாண்டிஸின் மன்னர் ஆர்தர் கரி அவர்களுக்கு,

வணக்கம். காமிக்ஸ் சூப்பர் ஹீரோ அக்வாமேன் என்றால்தான் உலகத்துக்கு உங்களைத் தெரியும். ஆனால் நான் எழுதப்போவது முழுக்க வீட்டு விவகாரம் என்பதால் ஆர்தர் என்றே கூப்பிடுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பிக்கை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மீனோடு பேசுகிறவர் என்று உங்களைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. 1973-இல் தொடங்கிய தொலைக்காட்சி கார்ட்டூன் காலத்திலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கே புளித்துப்போயிருக்கும். சூப்பர்மேன் பறப்பார், பேட்மேன் துப்புத் துலக்குவார், நீங்களோ கதை தண்ணீர்ப் பக்கம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. 2011-இல் காமிக்ஸைப் புதிதாகத் தொடங்கியபோது இந்தக் கேலியையே முதல் இதழில் வைத்தார்கள். உணவகத்தில் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்த உங்களிடம் ஒருத்தர் வந்து, யாருக்குமே பிடிக்காத சூப்பர் ஹீரோவாக இருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்பார். நீங்கள் ஆர்டர் செய்திருந்தது பொரித்த மீன் என்பது தனிக் கதை.

என்னைக் கேட்டால், கிண்டல் செய்தவர்களுக்குக் கடலைப் பற்றித் தெரியாது. 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் வெளிச்சம் அடங்கத் தொடங்கிவிடும். 1,000 மீட்டரைத் தாண்டினால் சூரிய ஒளி என்ற பேச்சே கிடையாது. கடலின் சராசரி ஆழமே கிட்டத்தட்ட 3,700 மீட்டர் என்னும்போது, உங்கள் ராஜ்யத்தில் பெரும்பகுதி நிரந்தர இருட்டு. அந்த இருட்டில் கூப்பிட்டால் ஓடிவர உயிர்கள் இருக்கிற ஒருவரிடம் ஆட்சி இருப்பதில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? சரி, அதை விடுங்கள்.

என் கேள்வி உங்கள் எதிரிகளைப் பற்றியது.

1941-இல் வந்த முதல் கதையில் உங்களுக்கு ஆர்தர் என்ற பெயரும் கிடையாது, தம்பியும் கிடையாது. எதிரி ஒரு நாஜி நீர்மூழ்கிக் கப்பல். போர்க்காலம் அது. எதிரி எங்கிருந்தோ வருவான், அடித்துத் துரத்தினால் கதை முடிந்தது. கலங்கரை விளக்கக் காவலர் டாம் கரியும் அட்லாண்டிஸிலிருந்து வந்த அட்லானாவும் உங்கள் பெற்றோர் ஆனது 1959-இல்தான். குடும்பம் வந்தது, கூடவே பகையும் குடும்பத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1966-இல் தம்பி ஓர்ம் வந்து சேர்ந்தார். அன்றைய ஓர்ம் உங்கள் அப்பாவின் இரண்டாம் திருமணத்தில் பிறந்த சாதாரண மனிதர், தண்ணீருக்குள் மூச்சுவிடக்கூட முடியாதவர். அண்ணனுக்கு வாய்த்தது தனக்கு வாய்க்கவில்லையே என்ற புகைச்சலிலேயே வில்லன் ஆனவர். பிற்பாடு கதையை மாற்றி எழுதியவர்கள் அவரை அம்மா வழிக்குக் கொண்டுபோய், அட்லாண்டிஸின் இளவரசர் ஆக்கினார்கள். அப்புறம் புகைச்சல் வேறு மாதிரி ஆனது: தரைக்காரனுக்குப் பிறந்தவன் என் அரியணைக்கு உரிமை கேட்பதா?

1967-இல் இன்னொரு வில்லன், பிளாக் மாண்டா. அவன் உங்கள் சொந்தம் இல்லை. ஆனால் 1977-இல் வெளிவந்த இதழில் உங்கள் ஒரே மகனைக் கொன்றவன் அவன்தான். தண்ணீரில் மட்டுமே உயிர்வாழக்கூடிய குழந்தையைக் காற்று நிறைத்த கூண்டில் அடைத்துக் கொன்றான். சூப்பர் ஹீரோ கதைகளில் குழந்தைகள் கடைசி நொடியில் காப்பாற்றப்பட்டுவிடுவார்கள் என்று பழகியிருந்த வாசகர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. உங்களுக்கும் மனைவி மெராவுக்கும் நடுவில் விழுந்த விரிசலும் அங்கே தொடங்கியதுதான்.

இனி படங்களுக்கு வருகிறேன். காரணம், மாண்டாவுக்கு உங்கள் மேல் ஏன் அவ்வளவு வெறி என்பதை 2018 படம் போல வேறெதுவும் எனக்குப் புரியவைக்கவில்லை.

அந்த நீர்மூழ்கிக் கப்பலை நினைவிருக்கிறதா? கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்துவைத்திருந்த ரஷ்யக் கப்பல். மாலுமிகளைக் காப்பாற்றிவிட்டீர்கள். சண்டையில் கொள்ளைக்காரர்களில் ஒருவரான ஜெஸ்ஸி கேன் மேல் கனத்த இரும்பு சாய்ந்து, மனிதர் நகர முடியாமல் மாட்டிக்கொள்கிறார். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. மகன் டேவிட் அந்த இரும்பைத் தூக்கப் பார்க்கிறான், அது அசையவில்லை. அதுவரை உங்களைக் கொல்ல நின்றவன், உங்களைப் பார்த்துக் கெஞ்சுகிறான். உங்களுக்கு அது ஒரு கைப் பளு. நீங்களோ, கருணையைக் கடலிடம் கேட்டுக்கொள் என்கிற மாதிரி ஒரு வசனம் பேசிவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். மகன் தன்னை விட்டு நகரமாட்டான் என்று தெரிந்த அப்பா, அவனைத் துரத்துவதற்காகவே கையில் வெடிகுண்டைப் பிடித்துக்கொள்கிறார். அவர் கொள்ளைக்காரர்தான், கொலைகாரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அங்கே இருந்தது ஓர் அப்பாவும் மகனும்.

பிளாக் மாண்டா பிறந்தது அப்போதுதான். இதை நீங்களே பிறகு மெராவிடம் சொன்னீர்கள், காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றாமல் ஓர் எதிரியை உண்டாக்கிக்கொண்டேன் என்று. வில்லனுடைய கணக்கில் தன் பங்கை ஒப்புக்கொள்கிற ஹீரோக்கள் அபூர்வம். அந்த இடத்தில் உங்கள் மேல் மதிப்பு கூடியது.

அந்தக் கப்பலைக் கடத்தக் காசு கொடுத்தது யார்? ஓர்ம். தரைக்காரர்கள் தாக்கினார்கள் என்று மற்ற கடலரசர்களை நம்பவைத்துப் போருக்கு இழுக்க, உங்கள் தம்பி ஆடிய நாடகம் அது. ஆக, தம்பியின் அரசியலும் டேவிட்டின் துக்கமும் ஒரே கப்பலில் தொடங்கியவை. அதற்குப் பிறகு சூலாயுதம், எரிமலை, சுறாவின் மேல் சவாரி என்று எத்தனையோ பிரம்மாண்டம் வந்தது. நூறு கோடி டாலருக்கு மேல் வசூலும் ஆனது. எனக்கு நிற்பது அந்தக் கப்பல்தான்.

2023-இல் வந்த இரண்டாவது படத்தை நிறையப் பேர் பாதியிலேயே கைகழுவிவிட்டார்கள். வேகம் ஒரு சீராக இல்லை, நகைச்சுவை பல இடங்களில் ஒட்டவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் அதன் உள்ளே ஒரு நல்ல கதை இருக்கிறது, அதை யாரும் சரியாகப் பேசவில்லை என்பது என் ஆதங்கம். அண்டார்டிகாவின் பனியில் மாண்டாவுக்கு ஒரு கறுப்புச் சூலாயுதம் கிடைக்கிறது. அதன் வழியாக அவனை ஆட்டிவைப்பவன் கோர்டாக்ஸ், தொலைந்துபோன நெக்ரஸ் ராஜ்யத்தின் அரசன். இந்தக் கோர்டாக்ஸ் யார்? அட்லாண்டிஸின் பழைய பேரரசர் அட்லானுடன் பிறந்தவன். அண்ணன் தம்பிச் சண்டை முற்றி, அட்லான் தன் ரத்தத்தால் பூட்டுப் போட்டு அவனைப் பனிக்குள் அடைத்துவைக்கிறார். அந்தப் பூட்டைத் திறக்க அட்லான் வம்சத்து ரத்தம் வேண்டும். அதற்குத்தான் உங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறான் மாண்டா.

இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட்லான் உடன்பிறந்தவனைப் பனிக்குள் அடைத்தார். நீங்கள் உடன்பிறந்த ஓர்மைப் பாலைவனத்தில் அடைத்தீர்கள். கடலில் பிறந்து வளர்ந்த மனிதரை, தண்ணீரே கண்ணில் படாத ஒரு சிறையில்! வம்சத்தின் வியாதி உங்களையும் விடவில்லை.

பிளேட்டோ கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் எழுதிய அட்லாண்டிஸிலும் அரசர்கள் அண்ணன் தம்பிகள்தான். கடல் தெய்வம் பொசைடனுக்கும் மானிடப் பெண் ஒருத்திக்கும் ஐந்து இரட்டையர், மொத்தம் பத்துப் பிள்ளைகள். தீவைப் பத்தாகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு. (கடலும் தரையும் கலந்த ரத்தம் முதல் தலைமுறையிலேயே வந்துவிட்டது. உங்களைக் கலப்பு என்று இளக்காரம் பேசியவர்களுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்லியிருக்கலாம்.) அந்தப் பத்து அரசர்களுக்கும் பொதுவான சட்டம் பொசைடன் கோயிலில் ஒரு தூணில் பொறிக்கப்பட்டிருந்தது. ஒருவர் மேல் ஒருவர் ஆயுதம் எடுக்கக் கூடாது. எந்த ஊரிலாவது அரச குடும்பத்தைக் கவிழ்க்க யாராவது கிளம்பினால் எல்லாரும் உதவிக்கு வர வேண்டும். தூண் எந்த உலோகத்தில் தெரியுமா? ஒரிகால்கம். உங்கள் கிடங்கில் பூட்டிவைத்திருந்து, மாண்டா திருடிக்கொண்டுபோய்ப் பூமியைச் சூடாக்க எரித்தானே, அதே ஒரிகால்கம். அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதிவைத்த உலோகத்தை எரிபொருளாக்கிவிட்டார்கள். படம் எடுத்தவர்கள் தெரிந்து செய்தார்களா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை, கச்சிதமாகப் பொருந்துகிறது.

எரிபொருள் என்றதும் இன்னொன்று. நாங்கள் வெளியேற்றும் வாயுக்களால் பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் உள்வாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு எங்களுக்கு எந்தச் சூலாயுதமும் தேவைப்படவில்லை. முதல் படத்தில் ஓர்ம் எங்கள் குப்பைகளையும் போர்க்கப்பல்களையும் அலையாகத் தூக்கிக் கரையில் வீசினாரே, அவர் முறை தவறு, புகார் சரி. அதை அன்றைக்கே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, பாலைவனத்துக்கு வருகிறேன். மாண்டாவைப் பிடிக்க வேறு வழியில்லாமல், சட்டத்தை மீறி, தம்பியைச் சிறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தீர்களே, உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த பெரிய காரியம் எதுவென்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். அட்லானால் முடியாதது அது. காய்ந்து சுருங்கிப்போன ஓர்ம் தண்ணீர் பட்டதும் சட்டென்று பழைய உருவத்துக்கு வருகிறார். கொஞ்ச நேரத்தில் நீங்கள், தரையில் எல்லாரும் கரப்பான்பூச்சி சாப்பிடுவார்கள் என்று அளந்துவிடுகிறீர்கள். அரச மரியாதை தெரிந்த மனிதர் அல்லவா, நம்பி வாயில் போட்டுக்கொள்கிறார், ரசித்தும் மெல்லுகிறார். தியேட்டரில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் தெரிந்தது, அண்ணன் சொன்னால் நம்பிவிடுகிற ஒரு தம்பி. இருவரும் சேர்ந்து வளர்ந்திருந்தால் சின்ன வயதில் நடந்திருக்க வேண்டிய குறும்பு, தாமதமாக நடக்கிறது.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு. அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தும் அவனுக்காகக் களத்துக்குப் போன கும்பகர்ணனைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் ஓர்ம் உங்கள் பக்கம் வந்து நின்றபோது எங்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கறுப்புச் சூலாயுதம் கைக்கு வந்ததும் கோர்டாக்ஸ் அவருக்குள் புகுந்து உங்கள் மேலேயே பாயவைக்கிறான். அப்போது நீங்கள் அடித்து வீழ்த்தப் பார்க்கவில்லை, பேசி மீட்டீர்கள். பழைய ஆர்தர் வேறு மாதிரி செய்திருப்பார்.

மாண்டாவிடமும் அப்படித்தான். பனி பிளந்து, அவன் விளிம்பில் தொங்கும்போது குனிந்து கை நீட்டினீர்கள். அப்பாவுக்குக் கொடுக்காத கையை மகனுக்குக் கொடுக்க வந்தீர்கள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை, விழுந்துவிட்டான். அவன் மறுத்தது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. மன்னிப்புக் கேட்பது உங்கள் கடமை, கொடுப்பதா வேண்டாமா என்பது அவன் உரிமை.

இவ்வளவு தூரம் உங்களைப் பாராட்டியது இந்தக் கடைசிக் கேள்விக்காக. எல்லாம் முடிந்த பிறகு ஓர்மை என்ன செய்தீர்கள்? சண்டையில் இறந்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, எங்காவது போய்ப் பிழைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டீர்கள். சிறைக்குத் திரும்ப வேண்டாம் என்ற நல்ல எண்ணம், புரிகிறது. ஆனால் அதற்கப்புறம் உலக நாடுகளின் முன்னால் நின்று, அட்லாண்டிஸ் என்று ஒன்று இருக்கிறது, இனி ஒளிந்து வாழமாட்டோம் என்று அறிவித்தீர்களே, அதே வாயால்தான் தம்பி செத்துப்போனான் என்ற பொய்யும் வந்தது. ராஜ்யத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, கூடப் பிறந்தவரை இருட்டில் விட்டால் எப்படி? அட்லான் போட்ட பூட்டு ரத்தம், நீங்கள் போட்டது பொய். பூட்டு பூட்டுதான்.

உங்கள் படவரிசை அதோடு நின்றுவிட்டதால் யாரும் இதைத் திருத்தப்போவதில்லை. அதனால்தான் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. ஓர்மைத் திரும்பக் கூப்பிடுங்கள். அவர் செய்த குற்றங்களுக்கு அரசவையில் வெளிப்படையாக விசாரணை வையுங்கள். எத்தனை வருடம் கழித்தார், கடைசியில் என்ன செய்தார் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். தண்டனை மிச்சம் இருந்தால் தண்ணீருக்குள்ளேயே கழிக்கட்டும், மணலில் வேண்டாம்.

அது முடிந்ததும் அரசாங்க வேலையை அவரிடம் கொடுத்துவிடலாம் என்பது என் ஆலோசனை. சட்டம், சம்பிரதாயம், எந்த அரசர் எதற்கு முகம் திருப்புவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி, ஆசையும் இருக்கிறது. உங்களுக்கோ சபைக் கூட்டம் என்றாலே உயிர் போகிறது. அவர் கூட்டத்துக்குப் போகட்டும், நீங்கள் சண்டைக்குப் போங்கள். சண்டை இல்லாத நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், மெரா கொஞ்சம் தூங்கட்டும்.

இப்படிக்கு,
தரையில் இருந்து ஒரு வாசகன்