தற்காப்பு வீரரைக் கடைசி நாளில் விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்காவின் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி லீகில், ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு நெருக்கினால் ஒரு தற்காப்பு வீரரை அனுப்பிவிடலாம் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர் தடுத்த கோல்கள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை என்பதால் வரும் பேச்சு இது.

2014 அக்டோபர் 4-ஐப் பாருங்கள். சீசன் தொடங்க நான்கே நாள். அன்றைய உச்சவரம்பு 6.9 கோடி டாலர். முந்தைய ஆண்டு முன்கள வீரர் ஜரோம் இகின்லாவுக்குக் கொடுத்த ஊக்கத்தொகையில் வரம்பை மீறிய பகுதி பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் புதுக் கணக்கில் ஏறியிருந்தது. அதனால் வரம்புக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 33.7 லட்சம் டாலராக இருந்த தற்காப்பு வீரர் ஜானி பாய்சக்கை நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள். கையில் வந்தவை டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும், நிபந்தனையோடு ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும். அதில் ஒன்றால் கிடைத்த தற்காப்பு வீரர் பிராண்டன் கார்லோ அணிக்குள் வந்தது 2016-இல். நடுவில் இருந்த ஓட்டையை யார் அடைப்பது?

பாய்சக் வலக்கைக்காரர். வலது மூலையில் மைதான ஓரப் பலகையை ஒட்டி உருண்டு வரும் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) அவர் மட்டையின் முன்பக்கத்தால் எடுத்து ஒரே அசைவில் வெளியே அனுப்புவார். அங்கே இடக்கைக்காரரை நிறுத்தினால் மட்டையின் பின்பக்கத்தால் எடுத்துத் திரும்ப வேண்டும். அந்த அரை நொடிக்குள் எதிரணி முன்கள வீரர் வந்து மோதிவிடுவார். பக் மீண்டும் நம் கோல் முன்னால் கிடக்கும். அதே 2014 அக்டோபரில் பாஸ்டனின் இன்னொரு தற்காப்பு வீரரான கேப்டன் ஸெடேனோ சாராவுக்கும் முழங்காலில் அடிபட்டது. முந்தைய சீசனில் 117 புள்ளியோடு லீகில் முதலிடம் பிடித்த அணி, 96 புள்ளியில் நின்று, கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃபை இரண்டே புள்ளியில் தவறவிட்டது.

பாய்சக் போன அதே நாளில் சிகாகோ அணியும் தன் தற்காப்பு வீரர் நிக் லெட்டியை ஐலண்டர்ஸுக்கே கொடுத்தது. ஆனால் அவர்களிடம் கீத், சீப்ரூக், ஜால்மர்சன், ஒடூயா என்ற தற்காப்பு வீரர்கள் நால்வரும் இருந்தார்கள். லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை 2015-இல் அந்த நால்வரே சுமந்து வென்றார்கள். போகிறவரின் நிமிடங்களை ஆடப்போவது யார் என்பதற்கு அவர்களிடம் பதில் இருந்தது.

கோடையில் வரம்பை 10 சதவீதம் தாண்டியிருக்கலாம் என்ற சலுகைதான் முடிவைத் தள்ளிப்போட வைக்கிறது. ஜூன் இறுதி டிராஃப்டின்போது மற்ற அணிகளிடம் தேர்வுகளும் இருக்கும், சம்பள இடமும் இருக்கும். அக்டோபரில் அந்த இடம் நிரம்பிவிடும். நம் அவசரமும் ஊரறிந்ததாகிவிடும், விலை சரியும். அனுப்பும் வீரரின் சம்பளத்தில் பாதிவரை நாமே ஏற்று நல்ல விலை கேட்கலாம்தான். ஆனால் ஏற்ற தொகை நம் வரம்பிலேயே உட்காரும். அத்தகைய ஒப்பந்தங்கள் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது.

2022 ஜூலையில் டாம்பா பே அணி, வரம்புக் கணக்கில் ஆண்டுக்கு 67.5 லட்சம் டாலராக இருந்த தற்காப்பு வீரர் ரயன் மெக்டோனாவை நாஷ்வில் அணிக்கு அனுப்பியது. அடுத்த இரு ஆண்டும் பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2024 மே மாதம் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து, அதே ஒப்பந்தத்தோடு அவரைத் திரும்ப வாங்கியது.

இப்படிக்கு,
ஐஸ் ஹாக்கி ரசிகர் ஒருவர்