என் கால் பெரிசு இல்லைங்க, அகலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த இணைப்புல நடைப்பயிற்சி பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. எத்தனை மணிக்கு நடக்கணும், சுகர் இருக்கவுக எப்படி நடக்கணும்னு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, கடைசியில "காலுக்குப் பொருத்தமான ஷூ அணிந்து நடக்க வேண்டும்"னு ஒரு வரி. அம்புட்டுதான். காபி டம்ளரை கீழ வச்சுட்டு சிரிச்சேன். எனக்கு 56 வயசாகுது, முப்பது வருஷமா நான் கடை கடையா தேடுறது அந்த ஒரு வரியைத்தான்.

என் கால் நீளம் 24 சென்டிமீட்டர். அஞ்சாம் நம்பர், ஊர்ல பாதி பொம்பளைகளுக்கு உள்ள காலுதான். ஆனா பெருவிரல் அடிமுட்டுல இருந்து சுண்டுவிரல் அடிமுட்டு வரைக்கும் குறுக்கால அளந்தா பத்து சென்டிமீட்டரைத் தாண்டிப் போகுது, அங்கதான் வம்பே. எங்க அப்பத்தாவுக்கும் இதே கால், விரல் அஞ்சும் விசிறி மாதிரி பிரிஞ்சு நிக்கும். அவுக வெளிய செம்மண்ணு, உள்ள ஆத்தங்குடி கல்லுன்னு ஆயுசு பூரா வெறுங்கால்லயே நடந்தவுக, குன்றக்குடியில இருந்து பழனிக்கு காவடியோட நடந்து போகையிலயும் வெறுங்கால்தான், அதனால அவுகளுக்கு இந்தப் பிரச்சினையே வரல. எனக்குத்தான் வந்துச்சு. ரெண்டு பிள்ளை பெத்த பிறகு இன்னும் கொஞ்சம் அகலமாச்சு, வயசாக ஆக பாதம் தளர்ந்து பரவும்னு டாக்டரும் சொல்லிட்டாரு.

ஒண்ணு கவனிச்சீங்களா, எங்க செட்டிநாட்டுப் பக்கம் எல்லாமே அகலம். திண்ணை அகலம், வீட்டு நடுவுல முற்றத்தைச் சுத்தி இருக்க வளவு அகலம், வீட்டு முன்வாசல் ஒரு தெருவுல இருந்தா பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும். செருப்புக் கடையில வச்சிருக்கது மட்டும் வெண்டிக்காய் மாதிரி ஒல்லி ஒல்லியா இருக்கு!

போன மாசம் காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன், கடை பேரு வேண்டாம், அந்தப் பையன் நல்ல பையன். அஞ்சு எடுத்துக் குடுத்தான், பாதி கால்தான் உள்ள போச்சு. "ஆறு போடுங்க ஆச்சி"ன்னான், போட்டேன், விரலு நெருக்குது. "ஏழு போட்டுப் பாருங்க ஆச்சி"ன்னான், முன்னாடி கொஞ்சம் அடங்குச்சு ஆனா நுனியில ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம் போல இடம் கெடக்கு, பின்னாடி குதிகால் ஒவ்வொரு அடிக்கும் கழண்டு கழண்டு வருது. அதுக்கு அவன் குதிகாலுக்கு ஒரு பேடு ஒட்டித் தரேங்குறான். ஏம்ப்பா சட்டையில தோள்பட்டை பத்தலைன்னா கையை நீளமா தைப்பியான்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே என்னை ஜென்ட்ஸ் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டான். "இங்க அகலமா இருக்கும் ஆச்சி, பொடவைக்கு அடியில யாரு பாக்கப் போறாக".

நான் பாப்பேன்ல?

ஜென்ட்ஸ்ல அகலம் ஜாஸ்திதான், மறுக்கல. ஆனா இருக்க கலரு கருப்பு, நேவி ப்ளூ, அப்புறம் ஒரு சிமெண்ட் கலரு. அரக்கு பார்டர் போட்ட கண்டாங்கிச் சேலைக்கு அடியில சிமெண்ட் கலர் பூட்ஸை மாட்டிக்கிட்டு நான் நம்பர் வேற பெரிசா போட்டுக்கிட்டு டக்கு டக்குன்னு நடந்து வரணுமாம். அகலக் கால் உள்ளவுகளுக்கு அழகு வேண்டாம்னு யாரு முடிவு பண்ணா? இல்லைன்னா மெத்துன்னு ரப்பர் போட்ட எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கங்குறாக, அது சுகர்காரவுகளுக்கு தெய்வம் மாதிரி, உணர்ச்சி மரத்த காலைக் காப்பாத்துது, நான் கும்பிடுறேன். ஆனா கல்யாண வீட்டுக்கு அதையும் மாட்டிக்கிட்டுப் போகச் சொன்னா எப்படி.

இன்னொன்னு எல்லாக் கடையிலயும் சொல்றது, "போடப் போட லூஸாயிரும்". தோலா இருந்தா கொஞ்சம் குடுக்கும், அது நெசம். ரெக்சின் எங்க குடுக்கும்? ரெக்சின் லூஸாகாது, நம்ம கால்தான் அதுக்குத் தக்கன ஒடுங்கிப் போகும். முதல்ல கால் ஆணி வரும், நகம் சதையில குத்தும், பெருவிரல் பக்கத்து விரல் மேல சாஞ்சு அடிமுட்டு எலும்பு குமிழ் மாதிரி புடைக்கும். எனக்கு எடது கால்ல புடைச்சாச்சு, மூடின ஷூவுல தையல் சரியா அந்தக் குமிழ் மேலதான் வந்து உக்காரும். மெட்டி போட்ட விரல் வேற. மெட்டியோட ஒரு நா பூரா ஒல்லி ஷூவுல நின்னு பாத்தா தெரியும், சாயங்காலம் மெட்டி பதிஞ்ச எடம் பக்கத்து விரல்ல வளையமா செவந்து கெடக்கும்.

கோளாறு கால்ல இல்ல, நம்பர்ல இருக்கு. நம்ம கடையில சொல்ற அஞ்சு, ஆறு எல்லாம் வெள்ளைக்காரன் குடுத்துட்டுப் போன இங்கிலீஷ் அளவு, ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் ஒரு இஞ்சுல மூணுல ஒரு பங்கு வித்தியாசம், அந்தக் காலத்துல ஒரு வாற்கோதுமை மணியோட நீளமாம் அது. நீளம் அப்படி ஏறும், அகலம் கூடவே ஏதோ துளிதான் ஏறும். அதான் அகலத்துக்காக நம்பரை ஏத்தினா முன்னாடி எலுமிச்சம்பழம் வைக்க எடம் வருது. வெளிநாட்டுல அகலத்துக்குன்னு தனியா எழுத்து உண்டு. என் மகன் அமெரிக்காவுல இருந்து வரையில நியூ பேலன்ஸ் ஷூ ஒண்ணு வாங்கிட்டு வந்தான், டப்பாவுல நம்பருக்குப் பக்கத்துலயே டூ இ-ன்னு போட்டிருந்துச்சு, அங்க பொம்பளைகளுக்கு பி-ன்னா சாதா அகலம், டி-ன்னா அகலம், டூ இ-ன்னா ரொம்ப அகலமாம். காலை உள்ள விட்டேன் பாருங்க, அஞ்சு விரலும் தனித்தனியா மூச்சு விட்டுச்சு. கண்ணு கலங்கிப் போச்சு, மகன் பயந்துட்டான். அதுவும் ஊதா கலரு!

இது நம்ம ஊர்ல முடியாத காரியமும் இல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில தைக்கிற ஷூ கப்பலேறி எங்கெங்கயோ போகுது. சென்னை அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ல இருந்து இருக்கு, அவுக 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு பூரா 79 எடத்துல ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுகளோட காலை ஸ்கேனர் வச்சு அளந்தாக. அதுல வந்தது என்னன்னா இந்தியாக்காரவுக கால் ஐரோப்பா, அமெரிக்காக்காரவுக காலை விட அகலம், அது தெரியாம எல்லாரும் ஒல்லி ஷூவுக்குப் பயந்து தேவைக்கு மேல நீளமா வாங்கிப் போடுறோம். பாரத்ங்குறதுல இருந்து 'பா'ன்னு பேரு வச்சு நமக்குன்னே ஒரு அளவும் தயார் பண்ணாக. இதைப் படிச்சப்ப எனக்கு எம்புட்டு ஆறுதல், இத்தனை வருஷம் என் கால்தான் கோணல்னு நெனச்சிருந்தேன், பாத்தா நாட்டுக்கே இதே கால்! ஆனா எங்க ஊர்க் கடைக்கு அந்த 'பா' இன்னும் வரல, அந்தப் பையனைக் கேட்டேன், அது என்ன கம்பெனி ஆச்சின்னு என்னையே திருப்பிக் கேட்டான். இதைப் பத்தித்தான் உங்க பேப்பர்ல ஒரு முழுப் பக்கம் எழுதணும்னு நான் கேக்குறேன். கம்பெனிக்காரவுக டப்பாவுல அகலத்தையும் போடட்டும், கடைக்காரவுக குறுக்களவையும் எடுக்கட்டும், அளக்க ஒரு ஸ்கேலு போதும்.

அதுவரைக்கும் நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிடறேன், என்னை மாதிரி இருக்கவுகளுக்கு ஆகும். ஷூ வாங்க காலையில போகாதீங்க, சாயங்காலம் போங்க, கால் அப்பத்தான் வீங்கி அதோட முழு அகலத்துல இருக்கும். ஷூவுக்குள்ள இருக்க மெத்தை அட்டையை உருவி தரையில போட்டு அது மேல ஏறி நில்லுங்க, கால் ரெண்டு பக்கமும் பிதுங்கி வெளிய நின்னா அந்த ஷூவை மாட்டிப் பாக்கவே வேண்டாம். கூர் மூக்கு வேண்டாம், சதுர மூக்கோ உருண்ட மூக்கோ பாருங்க. லேஸ் இருக்கதுல முன்னாடி ரெண்டு ஓட்டையை விட்டுட்டுக் கட்டினா கொஞ்சம் எளகும். மேல 'வி' மாதிரி வெட்டு விட்ட செருப்பு அகலக் காலை ஒடுக்கமா காட்டும், குறுக்கால நேரா ஒரே பட்டை போட்டது தாம்பாளம் மாதிரி காட்டும்.

காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம் ரோட்டோரத்துல உக்காந்து செருப்புத் தைக்கிற ஒரு பெரியவர்கிட்ட கடைசியில சரணடைஞ்சிருக்கேன். ரெண்டு காலையும் தரையில ஊனி நிக்கச் சொன்னாரு, உக்காந்து அளந்தா தப்பா வருமாம். கீழ விரிச்சது உங்க பேப்பர்தாங்க, அதே இணைப்பு, அதே நடைப்பயிற்சிப் பக்கம். பென்சிலை நெட்டுக்குத்தா பிடிச்சு குதிகால்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு விரல் இடுக்கா விட்டு வரைஞ்சாரு, குமிழ் வந்த எடத்துல மட்டும் ஒரு புள்ளி வச்சு "இங்க தையல் வராது ஆச்சி, பட்டையை விலக்கிப் போட்டுருவோம்"னாரு. இத்தனை வருஷத்துல என் காலைக் குனிஞ்சு பாத்த முதல் மனுஷன் அவருதான். கலர் என்னன்னு கேட்டாரு. அரக்குன்னேன். தோல் கிடைக்க பத்து நாளாகும்னாரு.

ஆவணியில சொந்தத்துல ஒரு அறுபதாம் கல்யாணம் இருக்கு. அதுக்குள்ள வந்துரும்னு நெனைக்கிறேன். தேவகோட்டை, காரைக்குடி, புதுவயல் பக்கம் பொம்பளைகளுக்கு அகலமான ஷூ, கருப்பும் சிமெண்டும் தவிர வேற கலர்ல, எந்தக் கடையிலயாச்சும் பாத்தவுக இதே பகுதிக்கு எழுதினாகன்னா புண்ணியமாப் போகும்.

இப்படிக்கு,
அகலக்கால் ஆச்சி,
கோட்டையூர்.