நாமினி போட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்கிக் கணக்கில் மனைவியை நாமினியாகப் போட்டாச்சு, இனி பணம் அவருக்குத்தான் என்று நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நாமினி வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அவ்வளவுதான். உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் உண்டு. கம்பெனி பங்குகளுக்கும் இதேதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அப்புறம் உயிரோடு இருக்கும் தாய், எல்லோருக்கும் சம பங்கு. இந்தத் தாயின் பங்கைத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு அவர்களும் போட்டால் செல்லும். சாட்சிகள் நம்மைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், நாளைக்குக் கையெழுத்தே உயில் எழுதியவருடையது இல்லை என்று யாராவது கிளம்பினால் அது கைகொடுக்கும். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

உயில் என்று வாயெடுத்தாலே "ஏன் அபசகுனமா பேசுற" என்று அடக்கிவிடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம். பட்டா எங்கே, லாக்கர் சாவி எங்கே என்பதுகூட மனைவிக்குத் தெரிவதில்லை. தயவுசெய்து ஒரு மாதிரி உயிலை உங்கள் நாளிதழில் வெளியிடுங்கள்.

வாசகி, திருச்சி