நம்பர் பிளேட்டில் பந்தா: விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாகன எண்களை விலை வைத்தும் ஏலம் விட்டும் விற்கும் பதிவுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

விருப்ப எண் மாட்டிய காரைப் பார்த்ததும் "ரசனையான ஆள்" என்பவர்களும் உண்டு, "என்ன ஒரு பந்தா" என்று உதட்டைப் பிதுக்குபவர்களும் உண்டு. இந்த வழக்கு பல காலமாக நடக்கிறது. இரு தரப்பும் வாங்கியவரைத்தான் நிற்க வைத்து விசாரிக்கிறார்கள். விற்ற உங்களை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. எனக்கோ உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பர் பிளேட்டில் பெயர் இருப்பதோ விளையாட்டு இருப்பதோ எனக்குப் பிரச்சினையே இல்லை. நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கும்போது சில பிளேட்டுகள் எரிச்சலைக்கூடக் குறைத்துவிடும். 2 என்ற எண்ணோடு டி, ஹெச் என்று இரண்டே இரண்டு எழுத்தைச் சேர்த்து ஆங்கிலத்தில் 'டூத்', அதாவது 'பல்', என்று படிக்க வைக்கும் பல் மருத்துவரின் குறும்பு எனக்குப் பிடிக்கும். அதே சாலையில் ஒற்றை இலக்கம் மட்டும் பொறித்த கார் ஒன்று வந்து நின்றால் அதில் படிக்க என்ன இருக்கிறது? ஏழு என்றால் ஏழு, அவ்வளவுதான். அந்த ஏழுக்கு எத்தனை கோடி கொடுத்தார் என்பதுதான் அங்கே செய்தி. முதலாவதை ரசிக்கிறேன், இரண்டாவதைப் பந்தா என்கிறேன். அந்த இரண்டாவது ரகம் வாங்கியவரின் ஆசையால் மட்டும் வந்ததில்லை. உங்கள் ஏலம் இல்லாமல் அது பிறந்தே இருக்காது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1893 ஆகஸ்டில் பாரீஸ் காவல்துறை ஓர் உத்தரவு போட்டது. மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் ஓர் உலோகத் தகட்டில் உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் படிக்கும்படி எழுதி, அதோடு அனுமதி எண்ணையும் சேர்த்து, வண்டியின் இடது பக்கம் மாட்ட வேண்டும். தகட்டை எப்போதும் மறைக்கக் கூடாது. ஆக, இந்தத் தகடுகளின் ஆரம்ப நாட்களிலேயே அதில் சொந்தப் பெயர் இருந்திருக்கிறது. அன்று அது பெருமைக்காக இல்லை. இடித்துவிட்டு ஓடினால் ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. அப்புறம் வண்டிகள் பெருகின, பெயர் போய் எண் மட்டும் நின்றது. பிரிட்டனில் 1903இல் சட்டம் வந்தது, 1904 ஜனவரி முதல் எண் கட்டாயமானது. லண்டனின் 'ஏ 1' என்ற எண்ணைப் பிடிக்க ஒரு பிரபு அவ்வளவு அலைந்தார் என்று கதை கதையாகச் சொல்வார்கள். முதல் எண்ணைக் கொடுக்க ஆரம்பித்த அன்றைக்கே முதல் எண்ணுக்கான ஆசையும் ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆசையை நீங்கள் உருவாக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கடை போட்டதுதான் நீங்கள்.

எப்படிக் கடை போடுகிறீர்கள் என்பதில்தான் ரசனை தீர்மானமாகிறது. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்டின் தொடக்கத்தில் ஊருக்கான எழுத்து. அதை யாரும் மாற்ற முடியாது. அதற்குப் பின்னால் வரும் ஓரிரு எழுத்தையும் எண்ணையும், காலியாக இருந்தால், நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அதற்கான கட்டணம் சுமார் பத்து யூரோ. விளைவு என்ன? மனைவியின் முதலெழுத்து, பிள்ளை பிறந்த தேதி, கல்யாணம் நடந்த வருஷம். தெருவில் போகிறவருக்கு அது ஏதோ ஒரு வரிசை எண். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் அர்த்தம் தெரியும். விருப்ப எண்ணில் இதைவிட அடக்கமான வகையை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அந்த நாட்டுக்காரர்கள் பிறவியிலேயே அடக்கமானவர்கள் என்று நான் நம்பவில்லை. பத்து யூரோவுக்கு எல்லோருக்கும் கிடைப்பதை வைத்து யாரிடம் பந்தா காட்டுவது?

அமெரிக்காவில் வேறு வழி. பென்சில்வேனியா மாநிலம் 1931இல் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் அனுமதித்து இதைத் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் ஏழு எழுத்து வரை இஷ்டத்துக்கு அமைத்துக்கொள்ளலாம். வர்ஜீனியாவில் இதற்காக ஆண்டுக்குக் கூடுதலாக வாங்கும் தொகை வெறும் 10 டாலர். 2007இல் எடுத்த ஒரு கணக்கின்படி, அங்கே நூறு வண்டிகளில் பதினாறில் சொந்த வாசகம் இருந்தது. அத்தனை பேர் வைத்திருக்கும்போது பணக்காரர் என்று காட்டிக்கொள்ள அது உதவாது. மிஞ்சுவது புத்திசாலித்தனம்தான். அதனால் அங்கே ஜோக்கடிக்கிறார்கள். பாதி ஜோக்குகள் மொக்கை என்பது வேறு விஷயம்.

இனி பிரிட்டன். அங்கே அரசே 1989 முதல் இந்த எண்களை விற்கிறது, ஆனால் இஷ்டமான வாசகத்தைத் தருவதில்லை. வரிசையின் அமைப்புக்குள் தற்செயலாக அமைந்ததைத்தான் தருகிறது. அப்படிக் கிடைப்பது அரைகுறைப் பெயர். 5ஐ எஸ் என்று படிக்க வேண்டும், 4ஐ ஏ என்று படிக்க வேண்டும், நடுவில் இருக்கும் இடைவெளியை நாமே விழுங்கிக்கொள்ள வேண்டும். இதற்குப் பல ஆயிரம் பவுண்டு கொடுத்தவர் சும்மா இருப்பாரா? இடைவெளியைத் தள்ளி வைக்கிறார், கறுப்புத் திருகாணியை முடுக்கி ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக்குகிறார். இது குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம். வருடாந்திரச் சோதனையிலும் வண்டி தேறாது. பார்க்கவும் பரிதாபமாக இருக்கும். மலிவான ரசனை என்று பழிப்பவர்கள் பெரும்பாலும் இந்த ரகத்தை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், சொந்தப் பெயரைச் சுலபமாகக் கொடுத்திருந்தால் அவர் திருகாணியைத் தேடியிருக்க மாட்டார். பற்றாக்குறையை வைத்து விற்றீர்கள், அவர் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டார்.

அங்கேயே இன்னொரு வேடிக்கை உண்டு. சாதாரண பிளேட்டைப் பார்த்தால் வண்டி எந்த வருஷத்தது என்று தெரிந்துவிடும். அதை மறைக்கவே வட அயர்லாந்து வரிசை எண்களைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் வருஷக் குறிப்பு கிடையாது, விலையும் குறைவு. பழைய வண்டியைப் புதிது போலக் காட்டும் எண்ணை மாட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. வயதே தெரியாத எண்ணை மாட்டலாம். இதைப் பந்தா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைக்கு மை பூசுவதுபோலத்தான் இதுவும், யாருக்கும் நஷ்டமில்லை.

அப்புறம் உச்சாணிக் கொம்பு. அபுதாபியில் 2008இல் '1' என்ற எண் 5 கோடியே 22 லட்சம் திர்ஹமுக்குப் போனது. துபாயில் 2023இல் 'பி 7' அதையும் தாண்டி 5 கோடியே 50 லட்சம் திர்ஹம். ஹாங்காங்கில் 2021இல் 'டபிள்யூ' என்ற ஒற்றை எழுத்து 2 கோடியே 60 லட்சம் ஹாங்காங் டாலர். பிரிட்டனில் 2014இல் '25 ஓ' கட்டணங்களோடு சேர்த்து 5 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அதையாவது ஃபெராரி 250 மாடலின் பெயரைப் போலப் படிக்கலாம், கொஞ்சம் விளையாட்டு இருக்கிறது. மற்றவற்றில் அதுவும் இல்லை. இவற்றை வாங்கியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தொலைக்காட்சிக் கேமரா முன்னால், கைதட்டலுக்கு நடுவில், சுத்தியல் தட்டி விற்றால் வாங்குவது எண்ணை இல்லை, அந்தக் கைதட்டலைத்தான்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடிக்கணக்கில் ஏலம் போவதைப் பற்றி உங்கள் விதிப்புத்தகம் வாயே திறப்பதில்லை. ஆனால் ஏழு எழுத்தில் யாராவது குறும்பு செய்தால் உடனே 'நல்ல ரசனைக்கு முரணானது' என்று முத்திரை குத்துகிறீர்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒருவர், போலீஸ் பொய் சொல்கிறது என்று பொருள்படும் பிளேட் கேட்டார். ரசனைக் குறைவு என்று மறுத்தார்கள். அதற்குப் பதிலாக, அரசாங்கம் அருமை என்று பொருள்படும் ஒன்றைக் கேட்டார். உடனே கிடைத்தது! 2014இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், 'நல்ல ரசனை' என்ற அந்த விதி ஆளுக்கொரு அர்த்தம் கொள்ளும்படி தெளிவில்லாமல் இருக்கிறது என்று ரத்து செய்தது. கலிபோர்னியாவிலும் 'நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும்' ஒவ்வாதவற்றைத் தடுத்த விதி 2020இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் நிற்கவில்லை. டென்னசியில் மட்டும் 2025இல் மாநில உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. பிளேட்டில் பேசுவது அரசு, எனவே அரசு தன் இஷ்டம்போல் மறுக்கலாம் என்றது. அப்படியென்றால் மொக்கை ஜோக்குகள் எல்லாம் அரசின் வாக்குமூலமா என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் பதில் வராது.

எதையும் தடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேய்ன் மாநிலம் 2015இல் வடிகட்டலைத் தளர்த்தியது. சாலையெல்லாம் கெட்ட வார்த்தை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் முறையிட, 2021இல் சட்டம் போட்டு மறுபடியும் தடுத்தார்கள். ஜெர்மனியில் நாஜிக் காலத்தை நினைவூட்டும் எழுத்துச் சேர்க்கைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ரசனை பற்றிய குழப்பமே இல்லை. எந்தெந்த எழுத்துகள், ஏன் என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்களும் அப்படியே செய்யலாம். வசை, வெறுப்பு, ஆபாசம் என்று தடுப்பதைப் பெயர் சொல்லித் தடுங்கள். ரசனை என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். ஏலச் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைப் பேசுவது பொருந்தவில்லை.

குறும்புக்காரர்களுக்கான தண்டனையைக் காலமே பார்த்துக்கொள்ளும், கவலைப்படாதீர்கள். லாஸ் ஏஞ்சலீஸில் 1979இல் ஒருவர் விண்ணப்பப் படிவத்தில் முதல் இரண்டு விருப்பங்களை எழுதிவிட்டு, அவை கிடைக்காவிட்டால் எனக்குப் பிளேட்டே வேண்டாம் என்ற பொருளில் 'நோ பிளேட்' என்று மூன்றாவதாக எழுதினார். அதையே பொறித்து அனுப்பிவிட்டார்கள். அவரும் மாட்டிக்கொண்டார். மாநிலத்தில் பிளேட் இல்லாமல் நின்ற வண்டிகளுக்கெல்லாம் போலீசார் சீட்டில் 'நோ பிளேட்' என்று எழுதியிருந்தார்கள். அத்தனை அபராதமும் அவர் வீட்டு வாசலுக்கு வந்தது.

சரி, உங்கள் தரப்பு வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. பணக்காரர் தானாக முன்வந்து கொடுக்கிறார், கஜானாவுக்கு வருமானம், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. துபாயின் 2023 ஏலப் பணம் பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கும் அறக்கொடைக்குப் போனது. அதை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அந்த 'பி 7' என்னளவில் பந்தாவாகவே இருந்தாலும், அதனால் யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள். எனவே நன்கொடை ஏலம் என்று வெளிப்படையாக அறிவித்து, பணம் எங்கே போகிறது என்று சொல்லி, விரல் விட்டு எண்ணும் அளவுக்கு எண்களை விற்றால் விற்றுக்கொள்ளுங்கள். பொதுக் கஜானாவுக்குப் போகும் மற்ற ஏலங்களைத்தான் கேட்கிறேன். வரி வாங்க ஆயிரம் வழி இருக்கும்போது, சாலையில் ஒருவரைவிட ஒருவர் உசத்தி என்று அரசு முத்திரையோடு எழுதிக் கொடுத்தா சம்பாதிக்க வேண்டும்? அந்தத் தகடு காரின் மற்ற பாகங்களைப் போல இல்லை. வண்ணம், சக்கரம், உள்ளே தொங்கும் பொம்மை எல்லாம் உரிமையாளருடையது. தகடு மட்டும் மற்றவர்களுக்காக மாட்டப்படுவது. அடிபட்டவர் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும் என்று மாட்டப்படுவது. உண்மையில் அந்த வேலைக்கு, வரிசை எண்ணைவிட, படித்தால் மறக்காத விருப்ப எண்ணே நல்லது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை எல்லோருக்கும் திறந்துவிடலாம்.

கட்டணத்தைக் குறைத்தால் மட்டும் போதுமா? போதாது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஓரிரு இலக்கமே உள்ள சிறிய எண்கள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. 2008இல் அங்கே '6' என்ற எண் 6,75,000 டாலருக்கு விலை போனது. நீங்கள் மலிவாகக் கொடுத்தாலும் வாங்கியவர் வெளியே விற்க முடிந்தால் தரகர் வந்துவிடுவார், பழைய கதைதான். ஆகவே என் கோரிக்கைக்கு இரண்டு கால்கள்: எல்லா விருப்ப எண்ணுக்கும் ஒரே சின்னக் கட்டணம், உரிமையாளர் விட்டுவிட்டால் எண் உங்களிடமே திரும்ப வேண்டும். ஒரே எண்ணைப் பலர் கேட்டால் குலுக்கல் போடுங்கள்.

ஏற்கெனவே விற்றதைப் பிடுங்கச் சொல்லவில்லை. கைமாற்றலாம் என்று சொல்லி விற்றிருந்தால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள், பணம் கொடுத்தவர்கள் பாவம். இனிமேல் வெளியிடப்போகும் வரிசையிலிருந்து தொடங்கினால் போதும். ஒவ்வொரு புதிய வரிசை வரும்போதும் அதன் ஒன்றாம் எண்ணைத் தனியாக எடுத்து வைக்கிறீர்களே, அடுத்த முறை அதை எடுத்து வைக்காமல் முதலில் வருபவருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
வரிசையில் வந்த எண்ணோடு ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு கார்க்காரர்